துருவும் களிம்பும்
சங்கங்கள் மின்பெட்டி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

நமது சங்கங்களின் ஐந்தொகையில் மின்பெட்டிக்கெனத் தனி வரி கிடையாது. மோட்டாரும் பம்பும் தறியும் தத்தம் பெயரில் இடம்பெற, ஸ்டார்ட்டரையும் மெயின் சுவிட்சையும் தாங்கிச் சுவரில் நிற்கும் பெட்டி மட்டும் ‘இதர தளவாடங்கள்’ என்னும் இனத்தில் அடங்கிவிடுகிறது. கணக்கில் இவ்வளவு சிறியதாகத் தோன்றும் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் பிழை, சில வேளைகளில் மனிதனின் கையையே விலையாகக் கேட்கிறது. இதனை நான் அறிந்துகொண்டது நூல்களால் அன்று. நானே எழுதிய ஆய்வுக் குறிப்பு ஒன்றினால்.

கடலோர வட்டம் ஒன்றில் ஒரு நெசவாளர் சங்கம் இருக்கிறது. அதற்குச் சொந்தமாகச் சிறிய சாயப்பட்டறை ஒன்றும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அச்சங்கத்தின் பதிவேடுகளை ஆய்வு செய்தபோது, பட்டறையின் தண்ணீர் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி வாங்க மூன்று விலைப்புள்ளிகள் பெற்றிருந்ததைக் கண்டேன். அவற்றில் மிகக் குறைந்தது வர்ணம் பூசிய இரும்புத் தகட்டுப் பெட்டி. நிர்வாகக் குழு அதனை விடுத்து, ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரூபாய் கூடுதலான கண்ணாடியிழைப் பெட்டிக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. தீர்மானத்தில் காரணம் ஒரு சொல்லும் இல்லை. குறைந்த விலைப்புள்ளியை நிராகரித்ததற்குக் காரணம் பதிவு செய்யப்படவில்லை என்றும், கூடுதல் செலவு ஆட்சேபத்துக்கு உரியது என்றும் எழுதினேன். தலைவர் தண்டத் தீர்வைக்கு அஞ்சினார். ஆர்டர் ரத்தாயிற்று, இரும்புப் பெட்டி வந்து சேர்ந்தது.

இரண்டு மழைக்காலங்கள் கழிந்தன. கார்த்திகை மாதத்து விடியற்காலையில், சாயத்தொட்டியினருகிலிருந்து ஈரக் கையோடு வந்த தொழிலாளி ஒருவர் பெட்டியின் கதவைத் திறக்க முயன்றபோது மின்னதிர்ச்சியால் தூக்கி எறியப்பட்டார். உயிர் தப்பியது. ஆனால் வலது கையில் இரு விரல்கள் மடங்கும் திறனை இழந்தன. நூற்கட்டைப் பிழிந்து கூலி பெறுபவருக்கு அவ்விரு விரல்கள் எவ்வளவு பெரியவை என்பதை நெசவாளர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தபோது அடித்தகடு அரிக்கப்பட்டு, உள்ளே விழுந்த துருப்படலம் மின்முனைகளின் மீது படிந்திருந்தது. எர்த் போல்ட் துருவில் புதைந்து, இணைப்பு என்பது பெயரளவில்கூட இல்லை.

அவரைப் பார்க்கச் சென்றிருந்தேன். “ஹைட்ரோஸ் நெடி இரும்பைத் தின்றுவிடும் என்று அன்றைக்கே கமிட்டியில் சொன்னேன், ஐயா. அதனால்தான் அந்த வேறு பெட்டியைக் கேட்டார்கள்” என்றார். ஆக, காரணம் இருந்தது. அதனை அறிந்தவரும் இருந்தார். தீர்மானப் புத்தகத்தில் மட்டும் அது ஏறவில்லை. நானும் பதிவேட்டை மேசையில் வைத்துப் படித்தேனேயன்றி, எழுந்து சென்று பட்டறைச் சுவரைப் பார்க்கவில்லை. என் ஆட்சேபம் விதிப்படி சரியானதே. ஆயினும் அதன் பயனை அனுபவித்தவர் அதற்குச் சிறிதும் பொறுப்பில்லாத ஒருவர். பெட்டி வாங்கும் சங்கம் எதனைக் கேட்க வேண்டும், கேட்டதில் எதனை எழுதிவைக்க வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு இலக்கங்கள் கூறுவதும் கூறாததும்

நல்ல பெட்டி ஒவ்வொன்றின் பெயர்த்தகட்டிலும் ‘ஐ.பி.’ என்னும் எழுத்துகளையடுத்து இரண்டு இலக்கங்கள் காணப்படும். இம்முறையை ஐ.எஸ்./ஐ.இ.சி. 60529 என்னும் தரநூல் வகுத்துள்ளது. முதல் இலக்கம் திடப்பொருளைத் தடுக்கும் திறனைக் குறிக்கும். அது 0 முதல் 6 வரை செல்லும். 2 எனில் விரல் உள்ளே புகாது. 4 எனில் ஒரு மில்லிமீட்டர் கம்பியும் நுழையாது. 5 எனில் தூசி சிறிது புகலாம். ஆனால் கருவியின் இயக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் புகாது. 6 எனில் தூசி அறவே புகாது. இரண்டாவது இலக்கம் நீரைப் பற்றியது. 4 எனில் எத்திசையிலிருந்து தெறிக்கும் நீரையும், 5 எனில் குழாய் முனையிலிருந்து பீய்ச்சும் நீரையும், 6 எனில் பலமாகப் பீய்ச்சும் நீரையும் பெட்டி தாங்கும். 7 எனில் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கியிருப்பினும் கேடு விளையாது.

இவ்விடத்தில்தான் பல சங்கங்கள் ஏமாறுகின்றன. ‘ஐ.பி. 65 வாங்கிவிட்டோம், இனிக் கவலையில்லை’ என்கிறார்கள். இவ்விலக்கங்கள் துருவைப் பற்றி ஒன்றுமே கூறுவதில்லை. புதிய பெட்டி நீரையும் தூசியையும் தடுக்கிறதா என்பதே அங்குச் சோதிக்கப்படுகிறது. அப்பெட்டி எந்த உலோகத்தால் ஆனது, எந்தக் காற்றில் எத்தனை ஆண்டு நிற்கும் என்பது வேறு கேள்வி. தகட்டில் துளை விழுந்த அன்றே அந்த 65 பெயர்த்தகட்டில் மட்டும் மிஞ்சுகிறது. அமெரிக்காவின் நெமா முறையில் ‘4எக்ஸ்’ என்று ஒரு வகை உண்டு. அது நீர்த்தடையோடு அரிப்புத் தடையையும் சேர்த்துக் கோருகிறது. மற்றபடி நீருக்கு ஒரு கேள்வி, அரிப்புக்கு ஒரு கேள்வி என இரண்டையும் தனித்தனியே கேட்டாக வேண்டும்.

சில விற்பனையாளர்கள் ‘இத்தனை மணி நேர உப்புத் தூவல் சோதனையில் தேறியது’ என்று கூறுவர். 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரி வெப்பத்தில் இடைவிடாது மூடுபனிபோல் தூவும் சோதனை அது. ஒரு பூச்சை மற்றொரு பூச்சோடு ஒப்பிட அது உதவும். ஆனால் இத்தனை மணி என்பது இத்தனை ஆண்டுக்குச் சமம் என்று கணக்கிட இடமில்லை. மாறி மாறி வரும் வெயில், மழை, சாயப்பட்டறை ஆவி ஆகியவை அச்சோதனைக் கூண்டில் கிடையா.

நம் இடங்களின் காற்று

எல்லாக் காற்றும் ஒரு காற்றன்று. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டும்போது இரும்பு துருப்பிடிப்பது விரைவடைகிறது. கடலோரத்தில் இதனோடு உப்பும் சேர்கிறது. ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டியதும் சமையல் உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடோ 33 சதவீத ஈரத்திலேயே கசியத் தொடங்கும். ஆகவே வேதாரணியம், தூத்துக்குடி போன்ற உப்பளப் பகுதிகளில் மழையே பெய்யாத நாளிலும் பெட்டியின் மேல் படிந்த உப்பு ஈரமாகவே இருக்கும். ஈரமான உப்பில் இரும்பு ஓய்வதில்லை.

சாயப்பட்டறையின் காற்று இதனினும் கொடியது. வாட் சாயத்துக்குரிய ஹைட்ரோஸ் ஈரம் பட்டுச் சிதையும்போது கந்தக டையாக்சைடு என்னும் வாயு வெளிப்படுகிறது. அது ஈரத்தோடு கூடி அமிலமாகிறது. கந்தகச் சாயத்துக்குப் பயன்படும் சோடியம் சல்பைடின்மீது அமிலம் பட்டால் அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு எழும். வெள்ளிக் கொலுசைக் கறுக்கச் செய்யும் அதே வாயுதான், ஸ்டார்ட்டரின் வெள்ளிக் கலப்பு முனைகளையும் செம்புக் கம்பியையும் கறுக்கச் செய்கிறது. பிளீச்சிங் பவுடர் வைத்திருக்கும் அறையில் குளோரின் நெடி ஓயாது. காஸ்டிக் சோடா ஆவியாவதில்லை. ஆனால் அதன் தெறிப்பு அலுமினியத்தைக் கரைத்துவிடும்.

விசைத்தறிக் கூடத்தில் நெடி இல்லை. பஞ்சுத் தூசி உண்டு. காற்றுத் துளையுள்ள பெட்டியினுள் அது மெத்தைபோல் படிந்து, வெப்பத்தை வெளிவிடாமல் தடுத்து, ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும். இங்கு முதல் இலக்கமே பிரதானம். 5-க்குக் குறைவான பெட்டியை வாங்கலாகாது.

விவசாயிகளின் சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. உரக் கிடங்கில் அம்மோனியம் சல்பேட்டின் தூள் ஈரம் இழுத்து உலோகத்தின் மேல் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும். உரத்திலிருந்து எழும் அம்மோனியா செம்புக்கும் பித்தளைக்கும் பகை. இந்தியாவில் ஆங்கிலேயப் படையினர் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடித்துக் கீறல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியாவும் கூட்டினுள் தங்கிய இழுவிசையும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921-இல் விளக்கப்பட்டது. நம் ஊரில் மோட்டார்க் கொட்டகையிலேயே மாட்டைக் கட்டும் வழக்கம் உண்டல்லவா? அங்குள்ள பித்தளைக் கிளாண்டுகளுக்கும் திருகுகளுக்கும் அதே கதி நேரக்கூடும். மாட்டை வேறிடத்தில் கட்டுவது செலவில்லாத பரிகாரம்.

எந்தப் பெட்டி எங்கே?

உலர்ந்த உள்நாட்டு ஊரில், கூரைக்குள் நிற்கும் பெட்டிக்கு, நன்றாகக் கழுவிப் பாஸ்பேட் பூச்சிட்டுப் பவுடர் கோட்டிங் செய்த இரும்புத் தகடு போதும். அங்கு விலை மிகுந்ததை வாங்குவது வீண்செலவே. வெளியில் நிற்பதாயின் துத்தநாகம் பூசிய தகட்டின் மேல் அவ்வர்ணம் இருத்தல் நலம். வர்ணம் கீறினாலும் துத்தநாகம் தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். ஆனால் பெட்டி வந்தபின் அதில் புதிதாகத் துளையிட்டால் அந்தக் காப்பு அங்கே அறுபடுகிறது. துருவின் பிறப்பிடம் பெரும்பாலும் இத்தகைய துளையின் விளிம்பே.

கடலோரத்திற்கு எவர்சில்வர் பெட்டி ஏற்றது. ஆயினும் எவர்சில்வர் எல்லாம் ஒன்றல்ல. 304 என்னும் வகை உப்புக் காற்றில் புள்ளிபுள்ளியாகக் குழி விழும். 316 என்னும் வகையில் 2 முதல் 3 சதவீதம் வரை மாலிப்டினம் கலந்திருப்பதால் அது உப்பை மேலும் தாங்கும். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றுவதால் வகை எண்ணை ஆர்டரில் எழுதிச் சான்றும் கேட்க வேண்டும். சலவை அறையின் குளோரின் நெடிக்கு 316-உம் முழுப் பாதுகாப்பன்று.

அத்தகைய இடத்திற்குக் கண்ணாடியிழை கலந்த பாலியெஸ்டர் பெட்டியே தக்கது. அது துருப்பிடிக்காது, மின்சாரத்தையும் கடத்தாது. ஆனால் அதற்கும் குறையுண்டு. கடுமையான காரம் தொடர்ந்து தெறித்தால் பாலியெஸ்டரும் பாலிகார்பனேட்டும் நலியும். ஆகவே காஸ்டிக் தொட்டிக்கு எட்டாத தூரத்தில் அதனை நிறுத்த வேண்டும். வெயில் நேரே படுமாயின் மேற்பரப்பு வெளிறி இழை தெரியும். மேலே சிறு கூரை அமைத்தல் அவசியம். அலுமினியப் பெட்டியைச் சாயப்பட்டறைக்குள் அனுமதிக்கவே கூடாது.

பெட்டியைச் சிறந்ததாக வாங்கிவிட்டு, கீலையும் தாழ்ப்பாளையும் திருகையும் சாதாரண இரும்பில் விடுவது மற்றொரு வழக்கம். இரு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருப்பின் அவற்றுள் தாழ்ந்தது விரைவில் அரிந்துபோகும். கடலோரத்திலும் பட்டறையிலும் கீல், தாழ், திருகு யாவும் எவர்சில்வராகவே இருத்தல் வேண்டும்.

உள்ளே பிறக்கும் ஈரம்

நன்றாக மூடிய பெட்டிக்குள் நீர் எங்கிருந்து வந்தது என்று பலர் வியப்பர். பகலில் வெப்பத்தால் பெட்டியினுள் காற்று விரிந்து சிறிது வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்றை ஈரத்தோடு உள்ளே இழுக்கும். இவ்வாறு பெட்டி மூச்சு விடுகிறது. உள்ளே வந்த ஈரம் குளிர்ந்த தகட்டில் முத்து முத்தாகப் படிகிறது. இறுக மூடிய பெட்டியில் அந்நீருக்கு வெளியேற வழியில்லை.

இதற்குப் பரிகாரங்கள் உண்டு. பெட்டியின் அடியில், தயாரிப்பாளரே தரும் வடிகால்-மூச்சு அடைப்பானைப் பொருத்தலாம். நீர் வடியும், பெட்டியின் தரமும் கெடாது. ஆணியால் துளையிடுவது இதற்கு மாற்றாகாது. அத்துளை வழியே எறும்பும் பல்லியும் குடிபுகும். பெரிய பேனல்களில் வெப்ப அளவியோடு கூடிய சிறிய ஹீட்டர் வைத்து, உட்புறத்தை வெளிக்காற்றினும் சற்றே வெதுவெதுப்பாக வைக்கலாம். சிறு பெட்டிக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் உதவும். ஆனால் அது ஈரம் நிறைந்தபின் பயனற்றது, உலர்த்தியோ மாற்றியோ வைக்க வேண்டும். அரிப்பைத் தடுக்கும் ஆவியை மெல்ல வெளிவிடும் சிறு வில்லைகளும் கிடைக்கின்றன. அவ்வாவி உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்து காக்கிறது. அதன் பெட்டியில் குறித்த காலம் முடிந்ததும் புதியதை ஒட்ட வேண்டும்.

கேபிள்களைக் கூடியவரை அடிப்புறத்திலிருந்தே ஏற்ற வேண்டும். மேற்புறத்திலிருந்து வரும் கேபிள் மழைநீரை வழிகாட்டி உள்ளே அழைத்து வரும். கேபிளின் பருமனுக்கேற்ற கிளாண்டை ஒன்றுக்கு ஒன்றாகப் பொருத்தி, மீந்த துளைகளை உரிய அடைப்பானால் மூட வேண்டும். கந்தல் துணியும் காகிதமும் அடைப்பான் ஆகா.

பெட்டிக்குள் இருப்பவை

இரும்புக்குத் துரு எப்படியோ, செம்புக்குக் களிம்பு அப்படி. களிம்பேறிய இணைப்பில் மின்தடை கூடும். தடை கூடினால் சூடு ஏறும். சூடு ஏறினால் களிம்பு மேலும் வளரும். மோட்டார் எரிந்தது என்று நாம் கூறும் நிகழ்ச்சிகளில் பல இவ்விடத்தில் தொடங்கியவையே. ஒரு பேஸ் அறுந்து, மோட்டார் இரண்டு பேஸில் முனகி எரிந்திருக்கும். ஈயம் பூசிய செம்பு லக்கை உரிய கருவியால் அழுத்திப் பொருத்துவது நன்று. அலுமினியக் கம்பியைச் செம்போடு நேரே முறுக்குவது பெரும் பிழை. இரு உலோக லக்கும் அதற்குரிய பசையும் இதற்கென்றே உள்ளன. காண்டாக்டர் முனைகளை உப்புத்தாளால் தேய்க்கலாகாது, கிரீசும் தடவலாகாது. தேய்ந்தால் மாற்றுவதே முறை.

எல்லாவற்றினும் உயிருக்கு நெருங்கியது எர்த். மூன்று பேஸ் மோட்டாருக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் வேண்டும் என்பது விதி. எர்த் போல்ட் அமரும் இடத்தில் வர்ணத்தைச் சுரண்டி உலோகத்தோடு உலோகம் தொடச் செய்து, இறுக்கிய பின் மேலே பூச்சிட வேண்டும். இரும்புப் பெட்டியின் கதவுக்கும் தனியே நெகிழ்கம்பியால் எர்த் கொடுக்க வேண்டும். துருப்பிடித்த கீலை நம்பலாகாது. மேலே கூறிய பட்டறையில் இவ்வொன்று ஒழுங்காயிருந்திருப்பின் பியூஸ் போயிருக்கும், விரல்கள் தப்பியிருக்கும்.

பராமரிப்புப் பெரிய வித்தையன்று. மழைக்காலத்துக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும், மின்சாரத்தை அறவே நிறுத்தி, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு திறந்து பார்க்கச் செய்ய வேண்டும். கதவின் ரப்பர் வார் வெடித்திருக்கிறதா, திருகுகள் தளர்ந்துள்ளனவா, எர்த் உறுதியாக உள்ளதா என்பவற்றைக் குறித்துக்கொள்ளட்டும். பஞ்சைத் தூரிகையால் எடுக்க வேண்டும். காற்றடித்தால் அது மேலும் உள்ளே போகும். புயலில் கடல்நீர் புகுந்த பெட்டியை உலர்ந்துவிட்டதென்று கருதி இயக்கவே கூடாது. நீர் உலரும், உப்பு உலர்ந்து போவதில்லை. மின்பணியாளர் நல்ல நீரால் உப்பைக் கழுவி, உலர்த்தி, கெட்ட பாகங்களை மாற்றி, மெக்கரால் காப்புத் தடையை அளந்த பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயலைக் கண்ட வட்டாரத்தார் இதனை மறவார்கள் என நம்புகிறேன்.

தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டியது

குறைந்த விலைப்புள்ளியை ஏற்பது நல்ல விதி. அங்கத்தினர் பணத்தைக் காப்பதற்கென்றே அது ஏற்பட்டது. ஆனால் ஒரே தரமுள்ள பொருள்களுக்குள்தான் விலையை ஒப்பிட முடியும். தரத்தை முன்னரே எழுதாமல் விலைப்புள்ளி கேட்டால், பருத்தியையும் பட்டையும் எடைக்கு எடை ஒப்பிட்டதாக முடியும். ஆகவே விலை கேட்குமுன்பே நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றிக்கொள்ளட்டும். அதன் மாதிரி வருமாறு:

‘சங்கத்தின் சாயப்பட்டறை கடலோரத்தில் அமைந்திருப்பதாலும், அங்கு ஹைட்ரோஸ், பிளீச்சிங் பவுடர் ஆகியவை நாள்தோறும் உபயோகத்தில் இருப்பதாலும், வர்ணம் பூசிய இரும்புப் பெட்டி அவ்விடத்துக்கு ஏற்றதன்று எனப் பட்டறைத் தொழிலாளர் தெரிவித்ததை இக்குழு பதிவு செய்கிறது. ஆகவே ஐ.பி. 65-க்குக் குறையாத கண்ணாடியிழைப் பெட்டி, எவர்சில்வர் கீல் மற்றும் திருகுகள், அடிப்புறக் கேபிள் வழி, வடிகால் அடைப்பான், இரட்டை எர்த் முனை ஆகியவற்றுடன், சோதனைச் சான்றிதழோடு விலைப்புள்ளி கோரத் தீர்மானிக்கப்படுகிறது. இத்தகுதிகள் அனைத்தும் உடையவற்றுள் விலை குறைந்தது ஏற்கப்படும்.’

இவ்வளவு எழுதினால் எந்த ஆய்வாளரும் ஆட்சேபிக்க இடமில்லை. பட்டறைக்கு எழுதியதை உரக் கிடங்குக்கும் பம்பு கொட்டகைக்கும் தறிக்கூடத்துக்கும் அவ்வவ்விடத்துக் காற்றுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். எழுதுமுன் அங்கே அன்றாடம் வேலை செய்பவரை அழைத்துக் கேட்க வேண்டும். எந்தச் சுவர் எப்போதும் ஈரமாயிருக்கிறது, எந்தத் தாழ்ப்பாள் முதலில் துருப்பிடித்தது, எங்கே தொட்டால் சுள்ளென்கிறது என்பவை அவருக்கே தெரியும்.

என்னைப் போன்ற ஆய்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கூடுதல் விலை கொடுத்து வாங்கியதாகத் தோன்றும் பொருளைக் கண்டால், ஆட்சேபம் எழுதுமுன் அது நிற்கும் இடத்தை ஒருமுறை நேரில் பார்த்து வாருங்கள். அச்சங்கத்தில் இப்போது கண்ணாடியிழைப் பெட்டி நிற்கிறது. அதற்குரிய தீர்மானத்தில் காரணம் முழுமையாக எழுதப்பட்டிருக்கிறது. அதனைக் கூறியவர் என்று அத்தொழிலாளியின் பெயரையும் குறித்திருக்கிறார்கள்; பக்கத்தில் அவர் கையொப்பம் இட்டிருக்கிறார், இடது கையால்.